நீதிமன்றம் சொல்லும்வரை அவர் கணவர்தான்: பிலிப்பைன்ஸில் திருமணம், ரத்து, வாரிசுரிமை

வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உடன் பணிபுரியும் பிலிப்பினோ செவிலியரை மணக்க விரும்புகிறார். அந்தப் பெண்ணுக்கு வயது 34. இருபது வயதில் சொந்த ஊரான இலோயிலோவில் திருமணம் நடந்தது, இரண்டு பிள்ளைகள். கணவர் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு பெண்ணுடன் செபுவுக்குப் போய்விட்டார். பிள்ளைகளுக்கு ஒரு பெசோகூட அனுப்புவதில்லை. பிள்ளைகளைப் பாட்டி வளர்க்கிறார். இந்தப் பெண் தன் சம்பளத்தில் நிலம் வாங்கி வீடும் கட்டிவிட்டார். "இத்தனை ஆண்டு பிரிந்திருந்தால் அந்தத் திருமணம் தானாக முடிந்துவிடாதா? ரத்து வாங்க என்ன வழி? இவருக்கு ஏதாவது ஆனால் அந்த வீடு யாருக்கு?" இவைதான் தம்பியின் கேள்விகள்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: முடியாது. ஒன்பது ஆண்டு அல்ல, முப்பது ஆண்டு பிரிந்திருந்தாலும் முடியாது. பிலிப்பைன்ஸில் இப்படி வாழ்பவர்களை 'ஹிவலாய்' என்பார்கள், பிரிந்தவர் என்று பொருள். பேச்சில் உள்ள அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. தம்பி மூன்று தனிக் கேள்விகளாகக் கேட்டிருந்தாலும் அங்கே அவை ஒரே முடிச்சு. திருமணம் எந்தக் காரணத்தால் செல்லாமல் போகிறது என்பதைப் பொறுத்து, நாளை பிள்ளைகளின் பங்கே பாதியாகிவிடலாம். பலர் இதைக் கவனிக்காமல் வழக்குப் போட்டுவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள்.

அடிப்படைச் சட்டம் குடும்பச் சட்டத் தொகுப்பு. 1987 ஜூலையில் அதிபர் கொராசோன் அக்கினோ பிறப்பித்த 209ஆவது நிர்வாக ஆணை அது. 1988 ஆகஸ்ட் 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாரிசுரிமை மட்டும் 1950இல் வந்த குடிமைச் சட்டத்தில் இருக்கிறது. விவாகரத்து அந்த மண்ணில் ஒருபோதும் இருந்ததில்லை என்று நினைக்க வேண்டாம். 1917ஆம் ஆண்டுச் சட்டம் குறுகிய காரணங்களுக்கு அனுமதித்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது 1943இல் காரணங்கள் பெருகின. 1950ஆம் ஆண்டுச் சட்டம்தான் கதவை அடைத்தது. 2024 மே மாதம் கீழவை ஒரு விவாகரத்து மசோதாவை நிறைவேற்றியது. செனட்டில் அது நிறைவேறாமலே அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்துவிட்டது. முஸ்லிம்களுக்கு மட்டும் 1977ஆம் ஆண்டுத் தனிச் சட்டத்தின்கீழ், ஷரியா நீதிமன்றங்கள் வழியாக விவாகரத்து உண்டு. மற்றவர்களுக்கு உள்நாட்டில் விவாகரத்து இல்லை.

இனித் திருமணம் செல்லுபடியாக என்ன வேண்டும் என்று பார்ப்போம். பதினெட்டு வயது, இருவரின் மனமொத்த சம்மதம், அதிகாரம் பெற்ற ஒருவர் நடத்திவைப்பது, திருமண உரிமம், வயது வந்த இரண்டு சாட்சிகள் முன் 'இவரை ஏற்கிறேன்' என்ற வாய்மொழி. உரிமத்துக்கு விண்ணப்பித்தால் பத்து நாள் அறிவிப்புப் பலகையில் பெயர் தொங்கும். உரிமம் 120 நாள்தான் உயிரோடு இருக்கும். 18 முதல் 21 வயதுக்குள் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அதன்பின் 25 வரை பெற்றோரின் ஆலோசனை போதும், கிடைக்காவிட்டால் உரிமம் மூன்று மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். நமக்கு வியப்பாக இருக்கும் ஒன்று: நாலாம் படி வரையிலான இரத்த உறவில் திருமணமே செல்லாது. அதாவது நம் ஊரில் முறைப்பெண்ணாக வரும் மாமன் மகளையோ அத்தை மகளையோ அங்கே மணக்க முடியாது. தாய்மாமன் திருமணத்துக்கும் இடமில்லை.

இப்போது 'ரத்து'. பிலிப்பினோக்கள் எல்லாவற்றையும் 'அனல்மென்ட்' என்றே சொல்கிறார்கள். சட்டத்திலோ அது இரண்டு வேறு விஷயங்கள். ஒன்று, தொடக்கத்தில் செல்லுபடியாகும், ஆனால் குறை இருப்பதால் நீதிமன்றம் ரத்து செய்யத்தக்க திருமணம். 21 வயதுக்கு முன் பெற்றோர் சம்மதமில்லாமல் மணந்தது, மனநலம் சரியில்லாதது, மோசடி, மிரட்டல், தாம்பத்திய இயலாமை, தீராத பால்வினை நோய் ஆகிய ஆறு காரணங்கள் மட்டும். மோசடி என்றால் எல்லாப் பொய்யும் அல்ல. குற்றத் தண்டனையை மறைத்தது, வேறொருவரால் உண்டான கர்ப்பத்தை மறைத்தது, போதைப் பழக்கத்தையோ குடிப்பழக்கத்தையோ மறைத்தது போன்ற சில மட்டும். சொத்து, அந்தஸ்து, குணம் பற்றிச் சொன்ன பொய் கணக்கில் வராது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஐந்தாண்டுக் கெடு. உங்கள் தோழி இருபது வயதில் மணந்தவர். பெற்றோர் சம்மதம் இல்லாமல் நடந்திருந்தால்கூட அவர் 26 வயதுக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். அந்த வழி மூடிவிட்டது.

இரண்டாவது, பிறவியிலேயே செல்லாத திருமணம். உரிமம் இல்லாதது, முன் திருமணம் இருக்கும்போது செய்தது, உறவுமுறையால் தடுக்கப்பட்டது எல்லாம் இதில் அடங்கும். கூடவே புகழ்பெற்ற 36ஆவது பிரிவு, 'உளவியல் இயலாமை'. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்திலிருந்து எடுத்த கருத்து அது. திருமண நாளிலேயே ஒருவருக்கு, இல்லறத்தின் அடிப்படைக் கடமைகளை உணரவோ நிறைவேற்றவோ முடியாத குணக் கட்டமைப்பு இருந்தது, அது பிறகு வெளிப்பட்டது என்று நிரூபிக்க வேண்டும். இல்லறக் கடமையை மறுப்பதும் இயலாமல் இருப்பதும் ஒன்றல்ல. கணவர் வேறு பெண்ணுடன் போனார் என்பது மட்டும் போதாது. 'ஏன் போனார், அந்த வேர் எங்கே இருந்தது' என்றுதான் நீதிபதி கேட்பார். 1997ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இதை மிகக் கடினமாக்கி வைத்திருந்தது. மருத்துவ ரீதியாகக் குணப்படுத்த முடியாத நோய் போல நிரூபிக்க வேண்டியிருந்தது. மனநல நிபுணரின் அறிக்கைக்கே பணம் கரைந்தது. 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. இது மருத்துவக் கருத்தல்ல, சட்டக் கருத்து. நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை. அவரைத் திருமணத்துக்கு முன்பிருந்தே அறிந்த உறவினர், நண்பர் சொல்லலாம் என்றது. ஆனால் ஆதாரம் தெளிவாகவும் நம்பத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்ற அளவுகோலையும் வைத்தது. உங்கள் தோழிக்கு இதுதான் நடைமுறையில் திறந்திருக்கும் வழி. கணவரின் இளமையைத் தெரிந்த அத்தை, பள்ளித் தோழன், பழைய அண்டைவீட்டார் யார் யார் என்று இப்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

"கணவரும் சம்மதித்தால் சீக்கிரம் முடியுமா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். சம்மதம் உதவாது, அளவு மீறினால் கெடுக்கும். இருவரும் பேசிவைத்து வழக்கு நடத்துகிறார்களா என்று அரசு வழக்கறிஞர் விசாரிப்பார். ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு தரக்கூடாது என்பது 48ஆவது பிரிவு. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், செலவு சில லட்சம் பெசோவைத் தொடும். வசதியில்லாதவர்களுக்கு அரசின் பொது வழக்கறிஞர் அலுவலகம் இலவசமாக வாதாடுகிறது. 'ஆறே மாதம், நீதிமன்றத்துக்கே வர வேண்டாம்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் மட்டும் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். விசாரணையே நடத்தாமல் இத்தகைய தீர்ப்புகளை எழுதிய நீதிபதி ஒருவரை 2012இல் உச்ச நீதிமன்றம் பணிநீக்கம் செய்தது. அப்படி வாங்கிய தாளை நம்பி மறுமணம் செய்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். தேவாலயம் தரும் ரத்தும் தேவாலயத்துக்குள் மட்டுமே செல்லும். அரசுப் பதிவேட்டில் ஓர் எழுத்தும் மாறாது.

'சட்டப்படி பிரிவு' என்று ஒன்று இருக்கிறது. படுக்கையும் சொத்தும் பிரியும், திருமணம் நிற்கும். மறுமணத்துக்கு உதவாது. நான்கு ஆண்டு தகவலே இல்லாத துணையை இறந்ததாகக் கருதி மறுமணத்துக்கு அனுமதி கேட்கும் வழியும் உண்டு. கணவர் செபுவில் இருப்பது ஊருக்கே தெரியும்போது அதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

இன்னொரு கதவு 26ஆவது பிரிவில் இருக்கிறது. பிலிப்பினோ ஒருவர் வெளிநாட்டவரை மணந்து, வெளிநாட்டில் முறைப்படி விவாகரத்து நடந்தால், பிலிப்பினோவுக்கும் மறுமண உரிமை உண்டு. மணந்தபோது இருவரும் பிலிப்பினோக்களாக இருந்து பிறகு ஒருவர் வேறு குடியுரிமை பெற்றிருந்தாலும் இது பொருந்தும் என்றது 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு. விவாகரத்தைக் கேட்டவர் பிலிப்பினோவாகவே இருந்தாலும் செல்லும் என்றது 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு. எதுவானாலும் பிலிப்பைன்ஸ் நீதிமன்றம் ஒன்று அதை அங்கீகரிக்க வேண்டும். உங்கள் தோழியின் கணவர் இன்னும் பிலிப்பினோ குடிமகன் என்பதால் இப்போதைக்கு இந்தக் கதவு இவருக்குத் திறக்காது.

அடுத்து, எங்காவது மூன்றாம் நாட்டில் போய்ப் பதிவு செய்துகொள்ளலாமே என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கும். குடும்ப உரிமை பற்றிய சட்டங்கள் பிலிப்பினோக்களை உலகில் எங்கிருந்தாலும் தொடரும் என்கிறது குடிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு. முதல் திருமணம் நிற்கும்வரை இரண்டாவது திருமணம் அங்கே செல்லாது. நம் பக்கமும் வழி இல்லை, 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம், இருவருக்கும் உயிரோடு துணை இருக்கக்கூடாது என்பதையே முதல் நிபந்தனையாக வைக்கிறது. முதல் திருமணம் செல்லாதது என்று தோழிக்கு எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும், மறுமணத்துக்கு முன் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு கையில் இருக்க வேண்டும் என்பது 40ஆவது பிரிவு.

தாளில் அது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையத்திடம், அங்குள்ளவர்கள் சொல்வதுபோல் பி.எஸ்.ஏ.விடம், திருமணமாகாதவர் கேட்டால் 'செனோமார்' வரும், இவருக்குத் திருமணப் பதிவு இல்லை என்ற சான்று. ஏற்கெனவே மணமானவர் கேட்டால் அதற்குப் பதிலாக ஒரு திருமண அறிவிக்கை வரும். யாரை, எந்த ஊரில், எந்த நாளில் மணந்தார் என்று வரிசையாக இருக்கும். ஒன்பது ஆண்டு கண்ணீரும் தனிமையும் அந்தத் தாளில் இருக்காது. திருமண நாளும் கணவர் பெயரும் அப்படியே இருக்கும். நீதிமன்றத் தீர்ப்பு இறுதியாகி, ஆணை பதிவான பிறகுதான் திருமணச் சான்றிதழின் ஓரத்தில் சில வரிகள் சேரும். தீர்ப்பையும் சொத்துப் பிரிவினையையும் பதியாமல் மறுமணம் செய்தால் அந்த மறுமணமும் செல்லாது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது இதுதான்.

1988 ஆகஸ்ட் 3க்குப் பிறகு, முன்கூட்டி ஒப்பந்தம் எழுதாமல் மணந்தவர்களுக்கு 'முழுச் சமூகச் சொத்து' முறை பொருந்தும். மணநாளில் இருவரிடமும் இருந்ததும் பிறகு சம்பாதித்ததும், சில விலக்குகள் போக, பொதுச் சொத்து. திருமணத்தின்போது பரம்பரையாகவோ தானமாகவோ வந்தது பொதுவாக இதில் சேராது. சும்மா பிரிந்து வாழ்வதால் இந்த முறை முறியாது. ஆகவே கணவர் போன பிறகு, பன்னிரண்டு மணிநேர இரவுப் பணி பார்த்து உங்கள் தோழி வாங்கிய நிலத்தில் பாதி இன்றைய நிலையில் அந்தக் கணவருடையது. வீடும் நிலமும் 60 லட்சம் பெசோ என்று வையுங்கள். தோழி நாளை உயிலில்லாமல் இறந்தால் 30 லட்சம் முதலில் கணவரின் சொந்தப் பாதியாகப் போகும். மீதி 30 லட்சத்தில் அவரும் வாரிசு. உயிலில்லாத நிலையில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் அதே அளவு பங்கு அவருக்கும் உண்டு. ஆளுக்குப் பத்து லட்சம். ஒரு செங்கல்லும் எடுத்து வைக்காத மனிதருக்கு 40 லட்சம், பிள்ளைகளுக்குச் சேர்த்து 20 லட்சம். பிள்ளைகள் சிறுவர்கள் என்றால் அவர்கள்மீதான பெற்றோர் அதிகாரமும் உயிரோடு இருக்கும் தகப்பனுக்கே. வளர்த்த பாட்டி அதை நீதிமன்றத்தில் எதிர்த்து நின்றால்தான் உண்டு.

இதற்கு இன்றே செய்யக்கூடிய இரண்டு காரியங்கள் இருக்கின்றன. ஒன்று, நீதிமன்றத்தின் மூலம் சொத்துப் பிரிவினை. ஓராண்டாவது பிரிந்திருந்து, சேரும் வாய்ப்பு மிகக் குறைவு என்றால், திருமணத்தைத் தொடாமலே சொத்தை மட்டும் பிரிக்கக் கேட்கலாம், 135ஆவது பிரிவு. துணையைக் கைவிட்டுப் போனதும் அதே பிரிவில் தனிக் காரணம்.

இரண்டு, உயில். இங்கே நம் பழக்கத்தைக் கொஞ்சம் மறக்க வேண்டும். நம் ஊரில் இந்து ஒருவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பிலிப்பைன்ஸில் அப்படியில்லை. கட்டாயப் பங்கு என்று ஒன்று உண்டு. சட்டப்படி பிறந்த பிள்ளைகளுக்குச் சொத்தில் பாதி ஒதுக்கப்பட்டது. அதைத் தொட முடியாது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் துணைக்கு ஒரு பிள்ளையின் கட்டாயப் பங்குக்குச் சமமாக, அதாவது கால்வாசி. மிஞ்சும் கால்வாசிதான் தோழியின் விருப்பத்துக்கு. ஆனால் துணையை உயிலில் காரணம் எழுதி வாரிசுரிமையிலிருந்து நீக்கலாம். பிள்ளைகளைப் பராமரிக்க நியாயமின்றி மறுத்தது, சட்டப்படி பிரிவுக்குக் காரணம் கொடுத்தது இரண்டுமே 921ஆவது பிரிவில் உள்ள காரணங்கள். கணவர் மறுத்தால் வாரிசுகள் நிரூபிக்க வேண்டும். ஆகவே ஒன்பது ஆண்டாகப் பள்ளிக் கட்டணம் யார் கட்டினார் என்ற ரசீதுகளைப் பாட்டி பத்திரமாக வைத்திருக்கட்டும். நீக்கிவிட்டால் விருப்பப் பங்கு கால்வாசியிலிருந்து சொத்தில் பாதியாக உயரும், அதைப் பிள்ளைகளுக்கோ தாய்க்கோ எழுதலாம்.

உங்களுக்கு எழுதச் சொல்லாதீர்கள். மணமான ஒருவர் தகாத உறவில் இருப்பவருக்கு எழுதும் கொடையும் உயிலும் செல்லாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. உங்கள் பெயர் அதில் வந்தால் கணவரின் வழக்கறிஞருக்கு நீங்களே ஆயுதம் கொடுத்தது போலாகும்.

உயிலின் வடிவம் எளிது. கையெழுத்து உயிலுக்குச் சாட்சி தேவையில்லை. ஆனால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை அவரே கைப்பட எழுதி, தேதியிட்டு, கையொப்பமிட வேண்டும். தட்டச்சு செய்து கையெழுத்து மட்டும் போட்டால் கையெழுத்து உயிலாக அது செல்லாது. அவருக்குத் தெரிந்த மொழியில் இருந்தால் போதும், அவருடைய இலோங்கோவிலேயே எழுதலாம். கணவன் மனைவி சேர்ந்து ஒரே உயில் எழுதுவது மட்டும் கூடாது. அவர் இறந்தபின் நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பிக்க வேண்டும்.

இனி நான் தொடக்கத்தில் சொன்ன முடிச்சு. வழக்கறிஞர் ஒருவர், "திருமண உரிமத்தில் கோளாறு இருக்கிறது, 36ஆவது பிரிவைவிட இது சுலபம்" என்று சொல்லக்கூடும். உண்மையில் சுலபம்தான். ஐந்தாண்டு சேர்ந்து வாழ்ந்ததாகப் பொய் உறுதிமொழி கொடுத்து உரிமமில்லாமல் மணந்த தம்பதிகள் அங்கே ஏராளம், அந்தத் திருமணம் செல்லாது. ஆனால் உரிமமின்மையால் செல்லாது என்றால் இரண்டு பிள்ளைகளும் சட்டப்படியான பிள்ளைகள் என்ற நிலையை இழப்பார்கள். 36ஆவது பிரிவில் செல்லாது என்றால், தீர்ப்புக்கு முன் கருவான பிள்ளைகள் சட்டப்படியானவர்களாகவே நீடிப்பார்கள் என்று 54ஆவது பிரிவு காக்கிறது. இந்த வேறுபாட்டின் எடை பிற்பாடு தெரியும். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையின் கட்டாயப் பங்கு சட்டப்படியான பிள்ளையின் பங்கில் பாதி. நாளை நீங்கள் அவரை மணந்து உங்களுக்கும் ஒரு குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தைக்கு இரண்டு ரூபாய் என்றால் மூத்தவர்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு ரூபாய். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். சுலபமான வழி என்று வழக்கறிஞர் சொன்னால், 'பிள்ளைகளின் நிலை என்ன ஆகும்' என்பதே தோழியின் முதல் கேள்வியாக இருக்கட்டும். 36ஆவது பிரிவில் வென்றால் இன்னொரு நன்மையும் உண்டு. சேர்ந்து வாழ்ந்த காலத்தில் வாங்கியது மட்டுமே கூட்டுச் சொத்தாகக் கருதப்படும், பிரிந்தபின் வாங்கிய அந்த நிலம் தோழியுடையதாக நிற்கும்.

திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்களுக்குச் சட்டம் மெல்ல இறங்கிவருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தாத்தா பாட்டி சொத்தில் அவர்களுக்கு உயிலின்றிப் பங்கே இல்லை என்றிருந்த பழைய விதியை, 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தளர்த்தி, இறந்த பெற்றோரின் இடத்தில் நின்று பெறலாம் என்றது. எனக்கு அது தாமதமாக வந்த நியாயமாகவே படுகிறது.

உங்களைப் பற்றியும் ஒன்று. எல்லாம் முடிந்து நீங்கள் அங்கே மணந்தால், மணிலாவில் உள்ள நம் தூதரகத்திலிருந்து 'மணம் செய்யத் தடையில்லை' என்ற சான்று வேண்டும். மணந்தபின்னும் நிலம் உங்கள் பெயரில் வராது. வெளிநாட்டவர் நிலம் வாங்க 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பு அனுமதிப்பதில்லை. நிலத்துக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்ட வெளிநாட்டுக் கணவர் ஒருவரின் கோரிக்கையை 2006இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மனைவி இறந்து சட்டப்படி வாரிசாக வந்தால் மட்டும் பெறலாம். சேமிப்பை அங்கே நிலத்தில் போடும்முன் இதை மனதில் வையுங்கள்.

வாரிசுகள் பெயருக்குச் சொத்தை மாற்றும்போது 2018 முதல் இறந்தவரின் சொத்துமீதான வரி நிகர மதிப்பில் 6 விழுக்காடு, கணக்கை ஓராண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். உயிலும் கடனும் இல்லாமல் வாரிசுகள் ஒத்துப்போனால் நீதிமன்றம் வேண்டாம். நோட்டரி முன் பாகப்பிரிவினை எழுதி, மூன்று வாரம் செய்தித்தாளில் வெளியிட்டால் போதும். தாய் உயிரோடு இருக்கும்போதே 'என் எதிர்காலப் பங்கை விற்கிறேன்' என்று எவராவது எழுதிக் கொடுத்தால் அந்தத் தாள் செல்லாது.

இந்த வாரம் தோழி செய்ய வேண்டியது ஒன்றுதான். பி.எஸ்.ஏ.விடமிருந்து தன் திருமணச் சான்றிதழின் நகலை வாங்கட்டும். அதில் உரிம எண் எழுதும் இடத்தைப் பாருங்கள். எண் இருந்தால், அந்த எண்ணில் உரிமம் வழங்கப்பட்டதா என்று உள்ளூர்ப் பதிவாளரிடம் பாட்டி எழுத்தில் கேட்கட்டும். எண்ணுக்குப் பதிலாக 34ஆவது பிரிவு (ஐந்தாண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கான உரிம விலக்கு) என்று எழுதியிருந்தால், அவர் அப்போது உண்மையிலேயே ஐந்தாண்டு சேர்ந்து வாழ்ந்தவரா என்று அவரிடமே கேளுங்கள். இருபது வயதில் மணந்தவர் என்பதால் பதில் எனக்கு ஓரளவு தெரியும். அப்படியானால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் ஓடும்முன், இரண்டு பிள்ளைகளின் பெயரையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.